எல்லோரும் முதல் நிலை

தலைநகர் தெகூசிகால்பாவில் ஒரு அலுவலகத்தின் யோக்கியதை தெரிய வேண்டுமென்றால் அதன் முன்கூடத்தில் போய் நின்று பார்த்தால் போதும். தேசியத் தண்ணீர் முறை இயக்ககத்தின் முன்கூடத்தில் ஒரு நீரூற்று இருந்தது. பச்சைக் கல்லில் கட்டிய அகலமான வட்டத் தொட்டி, நடுவில் வாயைத் திறந்துகொண்டு மூன்று வெண்கல மீன்கள். வருஷம் முழுக்க மூன்றும் தண்ணீர் துப்பிக்கொண்டே இருக்கும். வெளியே ஊரில் குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வரும். லாரித் தண்ணீருக்கு முறை வைத்து, அந்த முறை எத்தனை மணிக்கு என்று ஜனங்களுக்குச் சொல்வதுதான் அந்த இயக்ககத்துக்கு இருந்த ஒரே வேலை. அந்த ஒரு வேலையைச் செய்யாமலிருக்க நாலு மாடி கட்டியிருந்தார்கள்.

வில்மர் அங்கே கீழ்த்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இணையப் பக்கம் செய்கிறவன். அவன் பெண்சாதி தெல்மிக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. குவாமா மேட்டில், வீட்டு முற்றத்துச் சிமெண்ட் தொட்டியோடு ஒட்டின கல்லில், மேட்டடியில் இருக்கிற பிரசவ ஆஸ்பத்திரியின் விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பது அவள் தொழில். கறை போய்விட்டதா என்று அவளுக்கு விரலும் மூக்கும் சொல்லும். தொட்டியில் தண்ணீர் இருந்தால் விரிப்பு வெளுக்கும், விரிப்பு வெளுத்தால் அடுப்பு எரியும். வில்மரின் சம்பளம் எப்போதாவது வந்துபோகிற விருந்தாளி.

வில்மர் செய்த பக்கம் ஒழுங்காகத்தான் இருந்தது. இணையப் பக்கத்தில் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும், இது இன்னது என்று ஒரு அடையாளம் கொடுக்க வேண்டும்: இது தலைப்பு, இது பட்டியல், இது சும்மா பத்தி. கண் தெரிந்தவனுக்கு அந்த அடையாளம் இல்லாவிட்டாலும் ஓடிவிடும்; எழுத்துப் பெரிதாக இருந்தால் தலைப்பு என்று புரிந்துகொள்வான். தெல்மி போன்றவர்களுக்குப் போனில் ஒரு குரல் படித்துக் காட்டும். அந்தக் குரலுக்கு எழுத்தின் பருமன் தெரியாது. அடையாளம் இருந்தால்தான் ‘இது தலைப்பு’ என்று சொல்லும். கேட்கிறவர் விரலைத் தள்ளித் தள்ளித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிப் போகலாம். தலைப்புகளில் ஆறு நிலை உண்டு. முதல் நிலை என்றால் பக்கத்தின் பெயர், இரண்டாவது அதன் பிரிவு, மூன்றாவது பிரிவுக்குள் பிரிவு. புஸ்தகத்தில் அத்தியாயமும் உட்பிரிவும் இருக்கிறதே, அவ்வளவுதான் விஷயம். இதில் மானம் மரியாதை எதுவும் கிடையாது என்றுதான் வில்மர் நினைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

முதல் நிலையில் ‘இன்றைக்குத் தண்ணீர்’ என்று போட்டிருந்தான். இரண்டாம் நிலையில் ஒவ்வொரு பேட்டையின் பெயர். அதன் கீழே ஒரு பட்டியல், லாரி எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு. தெல்மி காலையில் சோப்புக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனை இரண்டு தள்ளுத் தள்ளுவாள். ‘குவாமா மேடு. சர்ச்சுக்குக் கீழே. பத்து மணி.’ பீப்பாயை உருட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றுவிடுவாள்.

இந்தச் சீருக்குச் சனியனாக வந்தது ஒரு பாராட்டு. கடன் கொடுக்கிற வெளிநாட்டு வங்கியிலிருந்து ஒருத்தன் வந்து, பக்கம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, அதன் தலைப்புகளை எல்லாம் நிலைவாரியாக அடுக்கி ஒரு தாளில் அச்சடித்து மேலே அனுப்பினான். தாளின் அடியில், ஆறாம் நிலையில், பக்கத்துக்குப் பொறுப்பு யார் என்கிற இடத்தில், இயக்குநரின் பெயர் இருந்தது.

இயக்குநர் எலியோதோரோ புஸ்தில்யோ லிசென்சியாதோ, அதாவது பட்டதாரி. என்ன படித்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பட்டம் பெற்றவரைப் பட்டம் சொல்லித்தான் அங்கே கூப்பிட வேண்டும், வெறும் பெயரைச் சொன்னால் அவர் காதில் விழாது. வில்மரை நாலாம் மாடிக்கு வரவழைத்தார்.

“இந்தக் குவாமா மேடு எங்கப்பா இருக்கு?”

“எங்க வீடு இருக்கற மேடுதான், லிசென்சியாதோ.”

“அங்க பன்னி வளக்கறாங்களா?”

“சில பேர் வளக்கறாங்க.”

“அப்போ அந்தப் பன்னியெல்லாம் ரெண்டாம் நிலை. நான் ஆறாம் நிலை.”

இயக்குநருக்குப் பக்கத்தில் மரபுப் பிரிவுத் தலைவி தோன்யா சுலேமா நின்றுகொண்டிருந்தாள். எந்த விழாவில் யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்கிறவள் அவள். ஒரு தடவை ஒரு மந்திரியின் மைத்துனரைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு ஒரு மாசம் தூங்காமல் கிடந்தவள் என்று சொல்வார்கள்.

“தலைப்புங்கறது அடுத்து என்ன வருதுன்னு சொல்றதுக்கு மட்டுந்தாங்க,” என்றான் வில்மர். “குவாமா மேடுன்னு போட்டா அதுக்குக் கீழ குவாமா மேட்டோட நேரம் இருக்கும். உங்க பேரைப் போட்டா கீழ என்ன இருக்கும்?”

“எனக்குக் கீழயா? மொத்தக் கட்டடமே இருக்கு,” என்றார் இயக்குநர்.

அன்றைக்கே அவர் முதல் நிலைக்குப் போனார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பது வில்மருக்கு மறுநாள் தெரிந்தது. துணை இயக்குநர் இஞ்சினியர் அரிஸ்தீதெஸ் இறங்கி வந்தார். கூட்டணியில் அவர் வேறு கட்சி.

“அவங்க கட்சிக்கு ஒண்ணு, எங்க கட்சிக்கு ஒண்ணு. இல்லேன்னா கூட்டணி உடையும். அரசாங்கம் கவுந்தா நீதான் பொறுப்பு,” என்றார், ரொம்ப அன்பாக.

அவரும் ஏறினார். பிறகு மூன்றாவது கட்சிக்காரர். பிறகு ஊழியர் சங்கத் தலைவர். தொழிலாளி எப்போதுமே கீழ் நிலைதானா என்று ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டார். பிறகு கட்டடத்துக்குப் புனித நீர் தெளிக்கிற பாதிரியார், வானுலகத்தில் கடைசியே முதல் என்று சொல்லிவிட்டு, பூலோகத்தில் எதற்கு வம்பு என்று தன் பெயரையும் கொடுத்தார். இறந்துபோன பழைய இயக்குநரின் விதவை கறுப்பு உடையில் வந்து அழுதாள். உயிரோடிருந்தபோது முதலில் இருந்தவரைச் செத்த பிறகு இரண்டாவதில் போட்டால் அது அவரைத் தோண்டி எடுத்து மறுபடி புதைத்த மாதிரி என்றாள். அவரும் முதல் நிலை.

ஒரு நாள் சங்கத் தலைவர் முன்கூடத்துச் சோபாவை வீட்டுக்கு எடுத்துப் போனபோது, காவலாளி தோன் மௌரோ தெரியாத்தனமாக எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். கேட்கலாமா? தோன்யா சுலேமா உடனே ஒரு சுற்றறிக்கை விட்டாள். பக்கத்தில் முதல் நிலையில் இருப்பவரை வாசலில் நிறுத்தக் கூடாது. என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்கக் கூடாது. முன்கூடத்தில் அவர் எதைப் பயன்படுத்தினாலும் தடுக்கக் கூடாது. அவரைக் காண்கிற எவரும், தானும் முதல் நிலையே ஆனாலும், எழுந்து வணக்கம் சொல்ல வேண்டும். இதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் பாதி நேரம் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுந்துகொண்டே இருந்தார்கள்.

எல்லோரும் ஏறிவிட்டதும் இயக்குநருக்கு மனசு நொந்துபோனது. வில்மரை மறுபடி கூப்பிட்டார்.

“எல்லாரும் ஒண்ணுன்னா அப்போ நான் யாரு? எனக்குப் பூஜ்யம் போடு.”

“பூஜ்யம் கிடையாதுங்க. ஒண்ணுலேருந்து ஆறு வரைக்குந்தான்.”

“யார் சொன்னது?”

“உலகம் பூரா அப்படித்தாங்க.”

“உலகம் நம்ம அரசியல் சட்டத்துல கையெழுத்துப் போட்டிருக்கா?”

பூஜ்ய நிலைத் தலைப்பைப் பெறுவதற்காக ஒரு தேசியக் குழு அமைத்தார்கள். குழு காபி குடித்தது. குழுவின் உறுப்பினர்களும் முதல் நிலையில் சேர்ந்தார்கள்.

பேட்டைகளுக்கு ஆறாம் நிலைதான் மிஞ்சியது. அதுவும் தலைப்புத்தானே, பெரியவர்களோடு ஒரே ஜாதியில் வருகிறதே என்று தோன்யா சுலேமா மூக்கைச் சுளித்தாள். அவற்றைச் சும்மா பத்தியாக்கினார்கள். பிறகு நேரங்களின் முறை வந்தது. முத்திரை இல்லாத நேரம் சட்டப்படி நேரமே அல்ல என்று அவள் கண்டுபிடித்தாள். அதனால் அட்டவணையை நாலாம் மாடியில் தட்டெழுதி, இயக்குநர் கையெழுத்திட்டு, மேலே முத்திரை குத்தி, அதைப் படம் பிடித்து, படத்தை மட்டும் கீழே அனுப்பினார்கள். படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டும் என்று வில்மர் கெஞ்சிக் கேட்டான். அவள் பெருந்தன்மையாகத் தானே எழுதிக் கொடுத்தாள். ‘மாண்புமிகு இயக்குநர் அவர்கள் திடமான கையெழுத்தில், நீல மையில், ஒப்பமிட்டிருக்கிறார்.’ இதை எழுதியவளைத் துணி வெளுக்கிற கல்லில் போட்டு அடித்தாலும் அந்த அழுக்குப் போகாது.

குவாமா மேட்டில் தெல்மி போனை எடுத்து விரலைத் தள்ளினாள். ‘முதல் நிலைத் தலைப்பு, மாண்புமிகு லிசென்சியாதோ எலியோதோரோ புஸ்தில்யோ.’ தள்ளினாள். ‘முதல் நிலைத் தலைப்பு, இஞ்சினியர் அரிஸ்தீதெஸ்.’ தள்ளினாள். பாதிரியார் வந்தார், செத்தவர் வந்தார், குழுவினர் வந்தார்கள். சோப்பு கையில் காய்ந்தது. அடுப்பில் பீன்ஸ் அடிப்பிடித்து நாறியது. எல்லாரும் முடிந்த பிறகு குரல் ‘படம்’ என்றது. நீல மையில் ஒப்பமிட்டிருப்பதைச் சொல்லிவிட்டு ஓய்ந்தது.

“வில்மர், மையோட நிறம் தெரிஞ்சு நான் என்ன பண்ணட்டும்? அதுல துவைக்கவா?”

வில்மர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான்.

பக்கத்து வீட்டு ஓல்காவுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். அவளைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார்கள். ஓல்கா போனை அப்படி இப்படித் திருப்பினாள், இழுத்துப் பெரிசாக்கினாள்.

“குவாமா மேடுன்னு போட்டிருக்குடி. நேரந்தான் தெரியல. எட்டா, மூணா, ரெண்டுமில்லியா, ஒண்ணும் புரியல. முத்திரைய அது மேலயே குத்தி வெச்சிருக்கானுங்க.”

“அப்போ மேடு முழுக்க இப்போ என்னை மாதிரிதான்,” என்றாள் தெல்மி.

வில்மர் நாலாம் மாடிக்குப் போனான். நேரம் படிக்க முடியவில்லை என்று தோன்யா சுலேமாவிடம் சொன்னான்.

“முத்திரை படிக்க முடியுதில்ல?” என்று கேட்டாள் அவள்.

“முடியுதுங்க.”

“அப்புறம் என்ன.”

அங்கிருந்து இறங்கி லாரிப் பிரிவில் கேட்டான். ஊழியர் குடியிருக்கும் பேட்டையின் நேரத்தை அந்த ஊழியருக்கே சொல்வது ஊழல் என்று விரட்டிவிட்டார்கள். அந்த இயக்ககம் ஊழலுக்கு எதிராக எடுத்த ஒரே நடவடிக்கை அதுதான்.

லாரி எந்த நேரத்திலோ வந்தது, போனது. மேட்டில் யாரும் வேலை வெட்டியை விட்டுவிட்டு நாள் முழுக்கச் சர்ச்சுக்குக் கீழே நிற்க முடியாது. தெல்மியின் தொட்டி வறண்டு அடியில் பாசி வெடித்தது. ஆஸ்பத்திரி விரிப்புகள் மூலையில் மூட்டை மூட்டையாகக் குவிந்தன. பிரசவ ரத்தம் காய்ந்து கறுத்த துணி. வெயிலில் அந்த மூட்டையிலிருந்து கிளம்பிய வாடையை எழுதினால் படிக்கிறவர்கள் சோறு தின்ன மாட்டார்கள். ஈ மொய்த்தது. வில்மர் அந்த வாடையிலேயே படுத்து, அந்த வாடையோடே எழுந்து, மூன்று மீன்கள் தண்ணீர் துப்புகிற கட்டடத்துக்கு வேலைக்குப் போனான்.

ஆஸ்பத்திரி நர்ஸ் மேலேறி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினாள். “தெல்மி, எனக்கு உன்னைப் பிடிக்கும். ஆனா பிள்ளை பெத்தவங்களை வெறும் கட்டில்ல படுக்க வெச்சிருக்கேன். திங்கக்கிழமை சாயந்திரத்துக்குள்ள விரிப்பு வரலேன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும்.”

இதற்கு நடுவில் இயக்குநரின் டிரைவர் ஒரு பையைக் கொண்டுவந்து போட்டான். உள்ளே இயக்குநரின் வெள்ளை குவாயபெரா சட்டைகள், முன்புறம் மடிப்பு வைத்துத் தைத்த விழாச் சட்டைகள். வில்மர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அவர் வீட்டுச் சட்டைகள் இங்கேதான் வரும். கூலி எதுவும் கிடையாது, வில்மருக்கு வேலை இருக்கிறதே, அதுதான் கூலி. வெள்ளிக்கிழமை ஒரு பெரிய விழா, அதற்கு வேண்டும் என்றான் டிரைவர்.

“தண்ணி இல்லப்பா,” என்றாள் தெல்மி.

“தண்ணி இல்லேன்னு லிசென்சியாதோகிட்ட நான் எப்படிச் சொல்றது? அவருதானே தண்ணி இயக்குநரு.”

தெல்மி ஒரு சட்டையை எடுத்து அக்குளில் மூக்கை வைத்து உடனே எடுத்துவிட்டாள். நிறையச் சாப்பிட்டு, நிறையப் பேசி, கொஞ்சங்கூட நடக்காத ஆளின் வியர்வை அது. அவள் கரி இஸ்திரிப் பெட்டியைப் பற்ற வைத்தாள்.

“என்ன பண்ற?” என்றான் வில்மர்.

“இருக்கறதை வெச்சு இஸ்திரி போடறேன். உங்க ஆபீஸ்ல அப்படித்தானே எல்லாம் நடக்குது.”

சூடு பட்டதும் வீடே அந்த நாற்றத்தால் நிறைந்தது. காலரை விறைப்பாக மடித்து, மடிப்பெல்லாம் கத்தி மாதிரி நிமிர்த்தி, அடுக்கிக் கொடுத்தாள். பார்வைக்கு அப்படியொரு சட்டையை அந்த ஊரில் எவனும் வெளுத்திருக்க முடியாது.

விழா எதற்கென்றால், லாரிகளுக்கு முன்னால் வரிசை இல்லை என்று டிரைவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைப் படித்துவிட்டு ஜனங்களின் தாகம் தீர்ந்துவிட்டது என்று இயக்குநர் முடிவுகட்டினார். அந்தச் சாதனைக்காக, ‘அர்த்தமுள்ள பக்கம்’ என்ற விருதை இயக்ககம் இயக்ககத்துக்கே வழங்கத் தீர்மானித்தது. கை தட்ட ஆள் வேண்டுமே. குவாமா மேட்டுக்கு பஸ்கள் வந்தன. ஏறினவர்களுக்கு ஆளுக்கொரு பலேயாதா, பீன்ஸ் வைத்து மடித்த ரொட்டி ஆறிப்போய், ஆளுக்கொரு டீ-சர்ட்டும். தண்ணீர்தான் இல்லை, ரொட்டியாவது கிடைக்கட்டும் என்று மேடே காலியாகிப் போனது. இயக்ககத்தின் விழாக் கூடத்தில் தெல்மியை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கண் தெரியாத குடிமகள் ஒருத்தி மேடையில் பக்கத்தைப் பயன்படுத்திக் காட்ட வேண்டும் என்று தோன்யா சுலேமா விரும்பினாள்.

இயக்குநர் பேசினார். “நான் பதவிக்கு வந்தப்போ குவாமா மேட்டுல லாரிக்கு முன்னாடி வரிசை சர்ச்சு வரைக்கும் நின்னுது. கிழவிங்க, பிள்ளைத்தாச்சிங்க, எல்லாரும் பீப்பாயோட நின்னாங்க. எனக்குப் பாக்கவே அருவருப்பா இருந்துது. இன்னிக்கு அங்க ஒரு ஆள் நிக்கறதில்லை. எப்படி நடந்துது? நாங்க தண்ணிய அதிகமாக்கல. ஒரு சொட்டுக்கூட அதிகமாக்கல. தகவலுக்கு ஒரு மரியாதை குடுத்தோம். முன்னெல்லாம் எந்தப் பேட்டைக்காரனும் நேரா வந்து நேரத்தைத் தெரிஞ்சுக்கிட்டுப் போயிடுவான். தேசத்தைப் பத்தி யோசிக்கவே மாட்டான். இப்போ முதல்ல எங்களைத் தெரிஞ்சுக்கறான்.”

கை தட்டச் சொல்லித் தோன்யா சுலேமா மணியடித்தாள். குவாமா மேடு ரொட்டியை மென்றுகொண்டே கை தட்டியது.

பிறகு தெல்மி மேடையேறினாள். அவள் போனை ஒலிபெருக்கியோடு சேர்த்தார்கள். அவள் விரலைத் தள்ளினாள். ‘முதல் நிலைத் தலைப்பு’ என்று குரல் சொன்னதும் சுற்றறிக்கையின்படி சபை முழுக்க எழுந்து நின்று வணக்கம் சொல்லி உட்கார்ந்தது. அடுத்த பெயர். எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். செத்தவர் பெயருக்குக் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்கள். விதவை விசும்பினாள். பாதிரியாருக்கு முட்டி வலி. குழுவினர் பாதியில் இருக்கும்போதே ஒருவர் கைத்தாங்கலாகத்தான் எழுந்தார். கடைசியில் ‘படம்’ வந்தது. நீல மை வந்தது. தெல்மியின் விரல் நின்றது.

இயக்குநர் அவள் பக்கத்தில் வந்து நின்று, கையை உயரத் தூக்கி ஒலிவாங்கியை அவள் வாய்க்கு நேரே நீட்டினார். “எவ்வளவு சுலபமா வந்துட்டாங்க, பாத்தீங்களா. சொல்லும்மா. என்ன தெரிஞ்சுக்கிட்டே?”

தூக்கின கையின் அக்குள் தெல்மியின் மூக்குக்கு நேராக இருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“தண்ணி எப்போன்னு தெரியலைங்க, லிசென்சியாதோ. ஆனா இந்தச் சட்டை எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்கு வந்த சட்டை. தண்ணி இல்லாததால துவைக்கல. இஸ்திரி மட்டுந்தான் போட்டேன்.”

அது ஒலிபெருக்கியில் கூடம் முழுக்கக் கேட்டது. அதுவரை எவர் மூக்குக்கும் எட்டாத நாற்றம் அந்த நிமிஷமே எல்லார் மூக்குக்கும் எட்டிவிட்டது. இஞ்சினியர் அரிஸ்தீதெஸ் கைக்குட்டையை எடுத்தார். பாதிரியார் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார். காலையிலிருந்து அந்தச் சட்டையைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னவர்கள் அவர்கள் எல்லாம். இயக்குநரின் கை இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

தோன்யா சுலேமா ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். “நம்ம இயக்குநரோட உழைப்பின் வியர்வையப் போற்றி இந்தக் குடிமகள் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினாங்க,” என்றாள். மணியை அடித்தாள்.

பழக்க தோஷம், கை தட்டினார்கள். கை தட்டல் கேட்டதும் இயக்குநருக்கு உயிர் வந்தது. “வியர்வைய மதிக்கத் தெரிஞ்ச தாய். இவங்களை முதல் நிலையில சேருங்க,” என்றார். வில்மர் மேடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான். அதையும் குறித்துக்கொண்டான்.

வெளியே வந்தபோது முன்கூடத்தில் ஒரு லாரி டிரைவர் நீரூற்றுத் தொட்டிக்குள் தடித்த குழாயை விட்டுத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தான். தொட்டி நிரம்பித் தரையில் வழிந்தது.

“இது எந்தப் பேட்டைத் தண்ணிப்பா?” என்று கேட்டாள் ஓல்கா.

“குவாமா மேடு. மேல போனேன், ஒரு ஈ காக்கா இல்ல. ஆளில்லேன்னா மிச்சத்தை இங்க கொட்டணும்னு உத்தரவு. தினமும் அப்படித்தான்.”

புது டீ-சர்ட் போட்ட குவாமா மேடு சுற்றி நின்று அதைப் பார்த்தது. தெல்மி சத்தம் வந்த பக்கம் நடந்து, முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டாள். விளிம்பைத் தடவிப் பார்த்தாள். கல் நல்ல சொரசொரப்பு.

“தொடக் கூடாதும்மா,” என்றார் தோன் மௌரோ, சங்கடத்தோடு.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வில்மர் வீட்டில் உட்கார்ந்து அவள் பெயரைப் பக்கத்தில் ஏற்றினான். பாதிரியாருக்கும் செத்தவருக்கும் நடுவில் இடம் கொடுத்திருந்தார்கள். “என்னை மன்னிச்சுடு தெல்மி. நான் இவனுங்களுக்கு முதுகெலும்பில்லாம ஆமாம் போட்டே இதெல்லாம் ஆச்சு,” என்றான். மூக்கைச் சிந்தினான்.

“அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். முதல் நிலைக்காரங்களுக்கு என்னமோ சுற்றறிக்கைன்னியே. அதைப் படி.”

படித்தான்.

“முன்கூடத்துல எதைப் பயன்படுத்தினாலும்னு வருதே, அந்த இடத்தை இன்னொரு தடவை படி.”

திங்கட்கிழமை காலையில் இயக்ககத்து வாசலில் ஒரு வாடகை பிக்கப் வந்து நின்றது. தெல்மி இறங்கினாள், ஓல்கா இறங்கினாள், ஆஸ்பத்திரி மூட்டைகள் இறங்கின. வாடை முன்னே போய்க் கதவைத் திறந்தது. தோன் மௌரோ ஓடி வந்து வாயைத் திறந்தார், முதல் நிலைக்காரர்களின் பட்டியலைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டு விறைத்து நின்று வணக்கம் சொன்னார். பிறகு அவரே ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டார்.

தெல்மி செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினாள். பச்சைக் கல்லில் முதல் விரிப்பை அடித்தாள். சத்தம் நாலு மாடிக்கும் எட்டியது. மீன்கள் துப்பிய தண்ணீரில் பழுப்பாக, பிறகு சிவப்பாக, பிறகு சாம்பல் நுரையாக அழுக்கு இறங்கித் தரையெல்லாம் பரவி, லிப்ட் வாசலில் போய்த் தேங்கியது. மாடிப்படியில் அதிகாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்கள். இஞ்சினியர் அரிஸ்தீதெஸ் ‘நிறுத்து’ என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, முதல் நிலையைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா என்று தோன்யா சுலேமாவைப் பார்த்தார். தோன்யா சுலேமா தன் சுற்றறிக்கையை முழுக்கப் படித்துவிட்டு, நெற்றி வேர்க்க நிமிர்ந்து நின்று வணக்கம் சொன்னாள். ஒவ்வொருவராக எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். வில்மர் கீழ்த்தளத்திலிருந்து ஏறி வந்து, யாரையும் பார்க்காமல், கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, அலசிய விரிப்பின் மறுமுனையைப் பிடித்துப் பிழிய ஆரம்பித்தான்.

லிப்ட் கதவு திறந்தது. இயக்குநர் வெளியே காலை வைத்தார். சாம்பல் நுரை அவர் ஷூவை மூடியது. அவருக்கும் வேறு வழியில்லை, குனிந்து வணக்கம் சொன்னார். குனிந்தபோது தெல்மியின் மூக்கு அவர் பக்கம் திரும்பியது.

“சட்டையைக் கழட்டிக் குடுங்க, லிசென்சியாதோ,” என்றாள் அவள், கையை நீட்டி. “தண்ணி வந்திருக்கு.”